வீட்டில் பதிவு செய்த பாட்டில் தெளிவும் சத்தமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மைக், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு லேப்டாப். இதை வைத்துக்கொண்டு வீட்டு அறையிலேயே பக்திப் பாட்டு, கவர் பாட்டு, குறும்பட இசை என்று செய்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எந்த சாஃப்ட்வேர் வைத்திருந்தாலும் பதில்கள் பொருந்தும்.

மீட்டர் சிவப்பைத் தொடுகிறது. ஆனாலும் ஒரு சினிமாப் பாட்டுக்குப் பக்கத்தில் போட்டுக் கேட்டால் என் பாட்டு சின்னதாக இருக்கிறதே?

மீட்டர் காட்டுவது பீக், அதாவது ஒலி அலை ஒரு கணம் தொட்ட உச்சி. காதுக்கு அந்த ஒரு கணம் பெரிதாகப் படுவதில்லை. தொடர்ந்து எவ்வளவு வருகிறது, அது எந்த ஃப்ரீக்வென்சியில் வருகிறது என்பதை வைத்துத்தான் காது சத்தத்தை எடைபோடுகிறது. 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை நம் காது படு கூர்மை. 50 ஹெர்ட்ஸ் பக்கம் போனால் மந்தம். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வளைகோடுகளாக வெளியிட்டுவிட்டார்கள்.

இப்போது உங்கள் மிக்ஸைப் (எல்லா டிராக்கையும் சேர்த்துக் கலந்த பாட்டை) பாருங்கள். மைக் ஸ்டாண்டில் கால் பட்ட அதிர்வு, கீபோர்டு பேடின் (பின்னணியில் நீண்டு ஒலிக்கும் ஓசையின்) அடிவயிற்று உறுமல், அறையின் கும்மென்ற ஒலி எல்லாம் 40 முதல் 150 ஹெர்ட்ஸுக்குள் கிடக்கும். காது அவற்றைக் கண்டுகொள்ளாது, மீட்டர் கண்டுகொள்ளும். லிமிட்டர், அதாவது உச்சி ஒரு எல்லையைத் தாண்டாமல் அமுக்கும் கருவி, போட்டீர்களானால் அதுவும் மீட்டர் கட்சிதான்: உறுமலைப் பிடித்து அமுக்கும், கூடவே குரலும் அமுங்கும். அதனால் சத்தம் வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் தெளிவைப் பற்றித்தான் பேசுவேன். லிமிட்டர் இந்தப் பக்கத்தில் கடைசிப் பகுதியில்தான் வரும். வேலையிலும் அதற்கு அதுதான் இடம்.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது?

அறையிலிருந்து. நம் ஊர் வீடுகளில் சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. மூன்றுமே ஒலியை அப்படியே திருப்பி அடிக்கும். போதாததற்குப் பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்தடி என்றால் அதுதான் இருப்பதிலேயே மோசமான வடிவம். பத்தடி இடைவெளியில் இரண்டு சுவர்களுக்கு நடுவே நின்று அதிரும் ஒலி சுமார் 56 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகள் 112, 168. மூன்று பக்கமும் ஒரே நீளம் என்பதால் மூன்றும் ஒரே இடங்களில் சேர்ந்து வீங்கும். ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் பேஸ் அதிகம், ஓரடி தள்ளி உட்கார்ந்தால் பேஸே காணோம் என்று ஆவது இதனால்தான்.

முட்டை அட்டை ஒட்டலாமா என்று கேட்காதவர் இல்லை. வேண்டாம். அது மேல் ஃப்ரீக்வென்சியில் கொஞ்சம் சிதறடிக்கும், அவ்வளவுதான். தீப்பிடிக்கும் பொருள் வேறு. ஒரு இன்ச் ஃபோமும் கிட்டத்தட்ட அதே கதை: கைதட்டினால் வரும் 'டிங்' போகும், கும்மல் அப்படியே இருக்கும். கீழ் ஃப்ரீக்வென்சியை உறிஞ்சக் கனம் வேண்டும். நாலு இன்ச் ராக்வூலை (கனமான பாறை இழைப் பலகையை) மரச்சட்டத்தில் வைத்துத் துணி போர்த்தி, மூலைகளில் நிறுத்துங்கள்.

அதுவரைக்கும் வீட்டில் இருப்பதை வைத்தே பாதிக் கிணறு தாண்டலாம். கார்டியாய்டு மைக் முன்பக்கம் இருப்பதைத்தான் அதிகம் கேட்கும். அதாவது பாடுகிறவரையும், பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். எல்லோரும் மைக்குக்குப் பின்னால் போர்வை தொங்கவிடுகிறார்கள். அதைவிட முக்கியம் பாடுகிறவருக்குப் பின்னால் தொங்கவிடுவது. மெத்தையை நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள். புடவைகள் அடுக்கிய பீரோவைத் திறந்து வைத்து அதற்கு முதுகு காட்டி நின்று பாடினால் வித்தியாசம் உடனே தெரியும். மைக்கின் பின்பக்கம் ஜன்னலை நோக்கி இருக்கட்டும்.

ஃபேனை நிறுத்தினால் வியர்த்துக் கொட்டுகிறது. ஓடவிட்டுவிட்டு அப்புறம் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் போதாதா?

போதாது. ஃபேனின் இரைச்சல் ஒரே சீராக இருப்பதால் சாஃப்ட்வேர் அதை ஓரளவு கழிக்கும். ஆனால் சுழலும் இறக்கைகளில் பட்டுத் திரும்பும் குரலே லேசாக நடுங்கும். அது குரலின் பகுதியாகிவிடுகிறது, கழிக்க முடியாது. நாய்ஸ் ரிடக்‌ஷனை அழுத்திப் போட்டால் 'ஸ', 'ஃப' போன்ற ஒலிகள் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும்.

இன்னொன்று. கம்ப்ரசர் (சத்தமான இடங்களை அமுக்கிச் சீராக்கும் கருவி) போட்டு 6 டெசிபல் ஏற்றினால் இரைச்சலும் 6 டெசிபல் ஏறும். லிமிட்டர் அதற்கு மேல் ஏற்றும். பதிவில் 'பரவாயில்லை, சின்னச் சத்தம்தானே' என்று விட்டது மாஸ்டரில் (வெளியிடும் இறுதிப் பதிப்பில்) வந்து முன்னால் உட்காரும். எனவே பல்லவியை ஒரு முறை, அனுபல்லவியை ஒரு முறை என்று துண்டு துண்டாக எடுங்கள். நடுவில் ஃபேனைப் போட்டுக்கொள்ளலாம்.

பின்னால் ஒரு 'ம்ம்ம்' கேட்டுக்கொண்டே இருக்கிறது.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த ம்ம்ம் 50, 100, 150-இல் இருந்தால் எர்த் பிரச்சினை. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் காரணம் அதுதான். இன்டர்ஃபேஸும் லேப்டாப்பும் ஒரே மூன்று பின் பிளக் பலகையிலிருந்து மின்சாரம் எடுக்கட்டும். மைக் கேபிளை அடாப்டர் மேல் போட்டு ஓட்டாதீர்கள்.

மைக்கை எவ்வளவு தூரத்தில் வைப்பது?

ஒரு சாண். கிட்டப் போகப் போக பேஸ் ஏறும், தள்ளப் போகப் போக அறை ஏறும். ஒரு சாணில் இரண்டும் ஒத்துப்போகும். 'ப' வெடித்தால் மைக்கை உதட்டுக்கு நேராக வைக்காமல் மூக்கு உயரத்துக்குத் தூக்கி, வாயைப் பார்த்துச் சாயுங்கள். பாப் ஃபில்டர் இருந்தாலும் இதைச் செய்யலாம்.

சரி செய்யாத அறையில் விலை உயர்ந்த கண்டன்சரைவிட ஒரு சாதாரண டைனமிக் மைக் நன்றாக வரும். கண்டன்சர் மேல் ஃப்ரீக்வென்சியை நுணுக்கமாகப் பிடிப்பதால் அறையின் எதிரொலியும், பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும் பளிச்சென்று விழும்.

ரெக்கார்டிங் லெவல் எவ்வளவு?

24 பிட்டில் எடுங்கள், மீட்டரில் உச்சி மைனஸ் 12 டெசிபல் பக்கம் இருக்கட்டும். சத்தமாகப் பாடும் இடத்தில் மைனஸ் 6 தொட்டாலும் பயமில்லை. பூஜ்யத்தை முட்ட வைப்பது டேப் காலத்துப் பழக்கம். அப்போது டேப்பின் இரைச்சலுக்கு மேலே நிற்க அது தேவைப்பட்டது.

எல்லா டிராக்கும் தனியாக நன்றாக இருக்கிறது. சேர்த்துப் போட்டால் மொத்தையாக, அடைத்துக்கொண்டு கேட்கிறது. என்ன செய்வது?

எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இதுதான், வேறு வேறு வார்த்தையில். ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். ஒரு பக்திப் பாட்டு. ஒரு கட்டை சுருதியில் ஆண் குரல், தம்புரா ஆப், மிருதங்கம், புல்லாங்குழல், கீபோர்டில் ஸ்டிரிங்ஸ் பேடு. ஐந்தே டிராக்தான்.

ஒரு கட்டையில் அவருடைய மத்திய ஸ்தாயி ஸட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். (ஐந்து கட்டைப் பெண் குரலானால் சுமார் 196.) தம்புராவும் அதே ஸட்ஜத்தில் மீட்டிக்கொண்டிருக்கிறது. கீபோர்டுக்காரர் இடது கையால் அதே இடத்தில் அமுக்கிப் பிடித்திருக்கிறார். மிருதங்கத்தின் வலந்தலையையும் (வலது பக்கத்தையும்) அதே சுருதிக்குச் சேர்த்திருக்கிறார்கள். மற்ற தோல் வாத்தியங்களில் பெரும்பாலானவை பொத்தென்று ஒரு ஓசை தரும், சுருதி தெளிவாக நிற்காது. மிருதங்கத்தில் கருப்புச் சோறு அப்பிய வலந்தலையின் மேல் ஸ்வரங்கள் (அடிப்படை ஓசையோடு சேர்ந்து மேலே ஒலிப்பவை) தந்தி வாத்தியத்தைப் போல முழு மடங்குகளில் விழுகின்றன என்பதை சி.வி. ராமன் 1920-லும் பிறகு 1934-லும் விளக்கி எழுதினார். கேட்க எவ்வளவு சுகமோ, மிக்ஸுக்கு அவ்வளவு நெரிசல். 131, 262, 393 என்று எல்லோரும் ஒரே ஷேர் ஆட்டோவின் பின் சீட்டில்.

மேற்கத்திய பாப் பாட்டில் கார்டு மாறிக்கொண்டே இருக்கும், நெரிசலும் இடம் மாறும். நமக்கு ஸட்ஜம் பாட்டு முழுக்க அங்கேயே நிற்கும். சுருதி சுத்தமாகச் சேர்ந்திருந்தால் நெரிசல் இன்னும் கூடும்! வெளிநாட்டு வீடியோக்களில் சொல்லும் '300 ஹெர்ட்ஸில் கொஞ்சம் குறைங்க' என்ற மருந்து நம் பாட்டில் அரைகுறையாக வேலை செய்வது இதனால்தான்.

முதல் வேலைக்கு ஈக்யூவே (ஃப்ரீக்வென்சி வாரியாகக் கூட்டிக் குறைக்கும் கருவியே) வேண்டாம். கீபோர்டுக்காரரின் இடது கையை எடுத்துவிடுங்கள், அல்லது அந்தப் பகுதியை ஒரு ஸ்தாயி மேலே தூக்குங்கள். வாத்திய அமைப்பில் தீர்ப்பதை மிக்ஸில் தீர்க்கப் போனால் இரட்டை வேலை.

அடுத்து பேடில் ஒரு ஹை-பாஸ் ஃபில்டர், அதாவது குறித்த ஃப்ரீக்வென்சிக்குக் கீழே இருப்பதை வெட்டுவது. மொத்தப் பாட்டும் ஓடிக்கொண்டிருக்கும்போது 40 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக மேலே நகர்த்துங்கள். 100 போகும், ஒன்றும் தெரியாது. 180, ஒன்றும் தெரியாது. 250-ஐத் தாண்டும்போது பேடு கொஞ்சம் மெலிந்தது போலத் தோன்றும். அங்கிருந்து 20, 30 ஹெர்ட்ஸ் பின்னால் வந்து நிறுத்துங்கள். இப்போது பேடை மட்டும் சோலோ போட்டால் தகரம் மாதிரி இருக்கும். கவலை வேண்டாம், யாரும் அதைத் தனியாகக் கேட்கப் போவதில்லை. சோலோவில் அழகு பார்த்து ஈக்யூ செய்கிற பழக்கம்தான் பல வீட்டு மிக்ஸ்களைக் கெடுக்கிறது.

தம்புராவுக்கு இன்னும் தைரியமாக வெட்டலாம். குதிரையில் நூல் வைத்து ஜீவாளி பிடிக்கும்போது மேல் ஸ்வரங்கள் அடுக்கடுக்காக எழும். அடிப்படை ஸ்வரத்தையே வெட்டிவிட்டாலும், அந்த அடுக்கைக் கேட்டு காது தானாகவே கீழ் ஸட்ஜத்தைப் போட்டுக்கொள்ளும். 180, 200 வரை ஹை-பாஸ் வைத்து, லெவலையும் ஒரு 3 டெசிபல் இறக்குங்கள். சுருதி அப்படியே இருக்கும், மூட்டம் விலகும்.

புல்லாங்குழலில் 200-க்குக் கீழே ஊதும் காற்றுதான் இருக்கிறது, அதை வெட்டுங்கள். குரலுக்கு 80, 90 போதும். அறையின் கும்மல் இருந்தால் 300-லிருந்து 350-க்குள் 2, 3 டெசிபல் அகலமாகக் குறைக்கலாம். ஒரே எச்சரிக்கை: ஒரு கட்டைக் குரலில் 262-இல் கூர்மையாகக் குழி தோண்டினால் மேல் ஸட்ஜம் வரும்போதெல்லாம் குரல் பள்ளத்தில் விழும். சுருதி எண்களைத் தெரிந்து வைத்துக்கொண்டு அவற்றுக்கு நடுவில் வெட்டுங்கள்.

கடைசியில் மிருதங்கம். காலியான கீழ் இடம் முழுக்க இப்போது தொப்பிக்குச் (மிருதங்கத்தின் இடது பக்கத்துக்கு) சொந்தம். கும்கி இழுப்பு (தொப்பியில் கையை அழுத்தி இழுக்கும் ஓசை) ஸ்பீக்கரை அசைப்பது அப்போதுதான் தெரியும். வலந்தலையின் விரல் ஓசை மங்கலாக இருந்தால் 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 2 டெசிபல் ஏற்றுங்கள்.

இத்தனையும் செய்த பிறகு மாஸ்டர் மீட்டரைப் பாருங்கள். எந்த ஃபேடரையும் கூட்டவில்லை, ஆனால் பீக் இறங்கியிருக்கும், பாட்டு பெரிதாகக் கேட்கும்.

மிருதங்கத்துக்கு இரண்டு பக்கமும் மைக் வைத்தேன். தனித்தனியாகக் கம்பீரம், சேர்த்தால் சோணி.

ஒரு டிராக்கில் அலையைத் தலைகீழாக்கும் பொலாரிட்டி பொத்தானை, அந்த Ø போன்ற குறியை, அமுக்குங்கள். எந்த நிலையில் தொப்பி கனமாகக் கேட்கிறதோ அப்படியே விட்டுவிடுங்கள். ஒரே அடியின் ஒலி இரண்டு மைக்குகளுக்கும் வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேர்கிறது. 34 சென்டிமீட்டருக்கு ஒரு மில்லி செகண்ட் என்று வையுங்கள். ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே போனால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். பொத்தானால் தீரவில்லை என்றால் ஒரு மைக்கை நாலு விரல் நகர்த்தி மறுபடி எடுங்கள். இரண்டு மைக்கோடு மல்லுக்கட்டுவதைவிட வாசிப்பவருக்கு முன்னால் மூன்றடி தள்ளி ஒரே மைக் வைத்தாலே நன்றாக வரும் வீடுகளும் உண்டு.

குரலை ஏற்றினால் கத்துகிறது, இறக்கினால் வார்த்தை போய்விடுகிறது.

பிரச்சினை குரலின் லெவலில் இல்லை, ஒவ்வொரு அசையின் லெவலில். தமிழில் பாடும்போது வரியின் கடைசி அசை தேயும். 'வந்தானே' என்ற சொல்லில் 'வந்' மைனஸ் 8-இல் நிற்கும், 'னே' மூச்சோடு கரைந்து மைனஸ் 20-க்குப் போயிருக்கும். முழு டிராக்கையும் கம்ப்ரசரிடம் கொடுத்தால் அது 'வந்'-ஐப் பிடித்து நசுக்கும். 'னே' இருந்த இடத்திலேயே இருக்கும்.

எனவே கம்ப்ரசருக்கு முன்னால் கையால் சரி செய்யுங்கள். வேவ்ஃபார்மைப் பெரிதாக்கி, தேய்ந்த அசைகளை வெட்டி 3, 4 டெசிபல் ஏற்றுங்கள். துருத்துகிற அசையை இறக்குங்கள். மூச்சுச் சத்தத்தை முழுசாக அழிக்காமல் பாதியாக்குங்கள், மூச்சே இல்லாத குரல் மெஷின் மாதிரி இருக்கும். நான்கு நிமிடப் பாட்டுக்கு ஒரு சாயங்காலம் போகும். அலுப்பான வேலைதான். ஆனால் காசு கொடுத்து வாங்கும் எந்த பிளக்-இன்னைவிடவும் இது வார்த்தையைத் தெளிவாக்கும் என்பது என் கட்சி.

அப்புறம் கம்ப்ரசர்: விகிதம் 3-க்கு 1, அட்டாக் (அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) 10 முதல் 20 மில்லி செகண்ட், ரிலீஸ் (விட்டுவிட எடுக்கும் நேரம்) 100 பக்கம், குறைப்பு 3 முதல் 5 டெசிபல். அட்டாக்கை 1 மில்லி செகண்டுக்குக் கொண்டுபோனால் 'க', 'ட', 'ற' எல்லாம் மழுங்கிவிடும், பாட்டு மெழுகு பூசியது போல ஆகும். இன்னும் சீராக வேண்டுமா? ஒரே கம்ப்ரசரை 8 டெசிபல் வேலை வாங்காமல் இரண்டு வையுங்கள், ஆளுக்குக் கொஞ்சம்.

'ஸ்ஸ்' என்று சீறுகிறது.

டீ-எஸ்ஸர், அதாவது 'ஸ' ஒலி வரும்போது மட்டும் அதை அமுக்கும் கருவி. 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸுக்குள் தேடுங்கள். குரலைப் பளிச்சாக்க மேல் பக்கம் ஈக்யூ ஏற்றியிருந்தால் அதற்குப் பின்னால் வையுங்கள். அளவு மீறினால் முருகனின் 'ஷண்முகா' கொன்னை தட்டும், பார்த்துச் செய்யுங்கள்.

எக்கோ எவ்வளவு போடலாம்?

இப்போது போட்டிருப்பதில் பாதி. கூச்சத்தில் குரலை ரிவர்பில் (மண்டபத்தில் பாடுவது போன்ற எதிரொலியில்) ஒளித்து வைப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. ரிவர்பைத் தனி டிராக்கில் அனுப்பி, அந்த டிராக்கில் 300-க்குக் கீழேயும் 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டுங்கள். பிரீ-டிலே (எதிரொலி தொடங்கும் முன் விடும் இடைவெளி) 30 மில்லி செகண்ட் கொடுத்தால் வார்த்தை முதலில் வரும், கோயில் மண்டபம் பின்னால் வரும். அளவு பார்க்க ஒரு வழி: கேட்கும்படி ஏற்றி, கேட்காதபடி இறக்கி, ம்யூட் செய்தால் மட்டும் 'எதையோ காணோமே' என்று தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள்.

ஹெட்போனில் மட்டும் மிக்ஸ் செய்யலாமா?

செய்யலாம். மேலே சொன்ன பத்துக்குப் பத்து அறையில் ஸ்பீக்கர் வைத்து ஏமாறுவதைவிட நல்ல ஹெட்போன் பேஸைப் பொறுத்தவரை நேர்மையானது. ஆனால் ஹெட்போனில் எல்லாம் தெளிவாகவே கேட்கும், இடது வலது தனித்தனியாக காதுக்குள் போவதால் நெரிசல் மறைந்துகொள்ளும். அதனால் மிக்ஸை மோனோவில் (இடது வலதை ஒன்றாக்கி) போட்டுக் கேளுங்கள். மோனோவில் குரல் தெரிந்தால் ஸ்டீரியோவில் கண்டிப்பாகத் தெரியும். திருவிழா ஹாரன் ஸ்பீக்கர் மோனோ, பல கடைகளில் மாட்டியிருப்பதும் மோனோ. அகலப்படுத்தும் பிளக்-இன் போட்டுப் பேடை விரித்திருந்தால் மோனோவில் அது பாதி காணாமல் போவதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இன்னொரு சோதனை, செலவே இல்லாதது: சத்தத்தை மிகக் குறைத்து வைத்துக் கேளுங்கள். மெதுவாகப் போடும்போது காது பேஸையும் உச்ச ட்ரெபிளையும் கைவிட்டு நடுப்பகுதியை மட்டும்தான் கேட்கும். அப்போதும் சாகித்யம் புரிகிறதா? புரிந்தால் நடுப்பகுதி சரி. 1978-இல் வந்த யமஹா என்எஸ்10 என்ற வெள்ளைக் கூம்பு ஸ்பீக்கரை உலகம் முழுக்க ஸ்டூடியோக்களில் வைத்திருந்ததற்கும் காரணம் ஏறக்குறைய இதுதான். பேஸ் குறைவு, நடுப்பகுதியில் குற்றம் குறை எல்லாவற்றையும் முகத்துக்கு நேரே சொல்லும்.

வீட்டில் செய்வது எப்போதும் வீட்டில் செய்தது போலத்தானே கேட்கும்?

ஏ.ஆர். ரஹ்மானின் பஞ்சதன் ரெக்கார்ட் இன் 1989-இல் கோடம்பாக்கத்தில் அவர் வீட்டுப் பின்புறம் தொடங்கியதுதான். வீடு என்பது தடையில்லை. பக்கத்துச் சுவர்தான் தடை, அதை மேலே பேசிவிட்டோம்.

சரி, லிமிட்டர். எத்தனை லஃப்ஸுக்குக் கொண்டுவர வேண்டும்?

லஃப்ஸ் என்பது காதின் கணக்கில் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் வெளியிட்ட பிஎஸ்.1770 என்ற அளவுமுறையில் இருந்து வந்தது. யூலீன் லவுட்னஸ் மீட்டரின் இலவசப் பதிப்பே உங்களுக்குப் போதும்.

ஸ்பாட்டிஃபை சாதாரண அமைப்பில் மைனஸ் 14-க்குக் கொண்டுவந்து ஒலிக்கும். ஆப்பிள் மியூசிக்கில் சவுண்ட் செக் போட்டிருந்தால் மைனஸ் 16. யூடியூப் மைனஸ் 14 பக்கம். அதைவிடச் சத்தமாக இருப்பதைக் குறைக்கும், மெதுவாக இருப்பதை ஏற்றாது. கம்ப்யூட்டரில் உங்கள் வீடியோ மேல் ரைட் கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் திறந்தால் வால்யூம் வரியில் '100% / 65%', பக்கத்தில் 'கன்டென்ட் லவுட்னஸ் 3.8 டெசிபல்' என்பது போல ஒன்று இருக்கும். உங்கள் பாட்டு அவர்கள் அளவைவிட 3.8 டெசிபல் கூடுதல், அதனால் 65 சதவீதமாகக் குறைத்துப் போடுகிறோம் என்று அர்த்தம். அங்கே மைனஸ் எண் இருந்தால் உங்கள் பாட்டின் சத்தம் அவர்கள் அளவைவிடக் குறைவு, அவர்கள் உதவப் போவதில்லை.

இதிலிருந்து எல்லோரும் மைனஸ் 14-இல் நிறுத்த வேண்டும் என்று ஒரு சட்டம் கிளம்பியிருக்கிறது. அது சட்டமில்லை. குரலும் வீணையுமாக ஒரு பாட்டு மைனஸ் 15-இல் அழகாக நிற்கும். குத்துப் பாட்டு மைனஸ் 9-இல்தான் உதைக்கும், பிறகு யூடியூப் 5 டெசிபல் குறைத்தாலும் அந்த இறுக்கம் அப்படியே இருக்கும். வீணைப் பாட்டை மைனஸ் 9-க்குத் தள்ளினால்தான் நஷ்டம்: குறைத்து ஒலிக்கும்போது சத்தமும் இல்லை, மீட்டலின் உயிரும் இல்லை.

தள்ளுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். மாஸ்டர் மீட்டரின் உச்சியை எந்த டிராக் தொடுகிறது என்று ஒவ்வொன்றாக ம்யூட் செய்து கண்டுபிடியுங்கள். நம் உதாரணப் பாட்டில் அநேகமாக மிருதங்கத்தின் சாப்பு (வலந்தலையில் பளிச்சென்று விழும் அடி). ஒரு அடி மற்ற எல்லாவற்றுக்கும் மேலே 6, 8 டெசிபல் துள்ளும். அந்தத் துள்ளலை மிருதங்க டிராக்கிலேயே ஒரு வேகமான லிமிட்டரோ சாச்சுரேஷனோ (உச்சியை லேசாக மழுக்கும் எஃபெக்ட்) போட்டு 3 டெசிபல் மழுக்குங்கள். மாஸ்டர் லிமிட்டரிடம் விட்டால் ஒவ்வொரு சாப்புக்கும் குரலும் தம்புராவும் சேர்ந்து குனிந்து நிமிரும். 'பாட்டு மூச்சு வாங்குது' என்று சொல்வார்களே, அது இதுதான்.

அதன் பிறகு மாஸ்டர் லிமிட்டரில் உச்ச எல்லையை மைனஸ் 1 டெசிபல் ட்ரூ பீக் (ஒலி அலையின் உண்மையான உச்சி) என்று வையுங்கள். எம்பி3, ஏஏசி ஆக மாறும்போது உச்சிகள் கொஞ்சம் வளரும், அதற்கான இடம் இது. பாட்டின் மிகச் சத்தமான பகுதியை ஓடவிட்டு, லிமிட்டர் 3 டெசிபல் அளவுக்குக் குறைக்கும் வரை உள்ளே தள்ளுங்கள். அங்கேயே மைனஸ் 12 லஃப்ஸ் வந்துவிட்டால் நல்லது. மைனஸ் 17-இலேயே நின்றுவிட்டால் இன்னும் தள்ளாதீர்கள், மிக்ஸுக்குத் திரும்புங்கள். கீழே எங்கோ இன்னும் உறுமல் ஒளிந்திருக்கிறது, அல்லது ஒரு டிராக் துள்ளுகிறது.

லிமிட்டரை ஆன், ஆஃப் செய்து ஒப்பிடும்போது இரண்டும் ஒரே சத்தத்தில் இருக்கட்டும். சத்தமாக இருப்பது எப்போதும் நன்றாக இருப்பது போலத்தான் தெரியும். காதைக் குறை சொல்லிப் பயனில்லை, அதன் வேலையே அப்படி. சினிமாப் பாட்டை ரெஃபரன்ஸாக வைக்கும்போதும் அதன் லெவலை இறக்கி உங்கள் மிக்ஸின் அளவுக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடுங்கள்.

ஆன்லைனில் தானாக மாஸ்டரிங் செய்து தருகிறார்களே?

நல்ல மிக்ஸைக் கொடுத்தால் நன்றாகத்தான் தருகிறது. மொத்தையான மிக்ஸைக் கொடுத்தால் சத்தமான மொத்தை கிடைக்கும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மட்டும் கெட்டுப்போகிறது.

டாகுமென்ட் ஆக அனுப்புங்கள், ஃபைல் அப்படியே போகும். வீடியோவோடு சேர்த்து அனுப்பினாலோ ஸ்டேட்டஸில் வைத்தாலோ அது மறுபடி அமுக்கும்.

கையில் கொஞ்சம் காசு இருக்கிறது. முதலில் எதை வாங்க?

ராக்வூல், துணி, ஆசாரி கூலி. அடுத்து ஹெட்போன். மைக் மூன்றாவது. பிளக்-இன்னுக்கு இப்போதைக்குக் காசே வேண்டாம்: டிடிஆர் நோவா ஈக்யூ, வாக்ஸெங்கோ ஸ்பான் அனலைசர், லவுட்மேக்ஸ் லிமிட்டர் மூன்றும் இலவசம். இந்தப் பக்கத்தில் சொன்ன எல்லா வேலையையும் இவற்றோடும் உங்கள் சாஃப்ட்வேரோடு வரும் கம்ப்ரசரோடும் முடிக்கலாம்.

மாஸ்டரிங்குக்கு வேறொருவரிடம் கொடுக்கப் போகிறேன். எப்படி அனுப்புவது?

மாஸ்டர் டிராக்கில் இருக்கும் லிமிட்டரை எடுத்துவிட்டு, உச்சி மைனஸ் 3, மைனஸ் 6 பக்கம் இருக்கும்படி 24 பிட் வேவ் ஃபைலாக எடுங்கள். பதிவு செய்த சாம்பிள் ரேட்டை மாற்றாதீர்கள். முன்னும் பின்னும் இரண்டு விநாடி விட்டுவிடுங்கள், ரிவர்பின் வால் நறுக்கப்படாமல் இருக்கட்டும். குரல் இல்லாத ஒரு பதிப்பும், குரலை ஒரு டெசிபல் ஏற்றிய ஒரு பதிப்பும் கூடவே எடுத்து வையுங்கள். 'குரல் கொஞ்சம் கேட்கலையே' என்று தயாரிப்பாளர் சொல்லும்போது அந்த இரண்டாவது ஃபைலைக் கொடுத்துவிடலாம்.